ரெண்டும் நம்ம வண்டிதான்

அத்தியாயம் பதினேழு

மாவுக்கட்டு போட்டு இன்றோடு நாற்பத்தொரு நாள். காலையில் வந்தால் வெட்டி எடுத்துவிடலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். மாமியார் விடிந்ததுமே குளித்து, செருப்பையும் மாட்டிக்கொண்டு வாசல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அவங்க வெட்டலன்னா நானே வெட்டிக்குவேன். கத்தரிக்கோல் பையிலதான் இருக்கு," என்றார்.

அது வேடிக்கைக்குச் சொன்னதல்ல. அவர் தையற்கடை நடத்துகிறவர். இந்த நாற்பத்தொரு நாளும் கடையை உதவிக்கு இருக்கும் பெண்ணிடம் விட்டுவிட்டு, அவள் வெட்டும் ஒவ்வொரு துணிக்கும் போனில் குறை சொல்லிக்கொண்டிருந்தார். தினமும் இரண்டு மூன்று தடவை அந்தப் பெண் போனை எடுக்கவில்லை.

இந்த வீட்டுக்குள் இந்த வாரம்தான் முதன்முதலாக நுழைகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மருமகள், நோயாளிகளின் வீட்டுக்கே போய்க் கை கால்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவள். அங்கே எல்லோரும் பிசியோ என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, வீட்டிலும் அதுவே பெயராகிவிட்டது. காலையில் மாமியாரைக் கடையில் இறக்கிவிட்டு வேலைக்குப் போவாள். அன்று பாலத்து இறக்கத்தில், சிக்னலுக்காக நின்றிருந்த லாரியின் பின்னால் கார் போய் இடித்தது. பெரிய வேகமில்லை. மாமியார் பயத்தில் முன்னால் கையை ஊன்றினார். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. பிசியோவுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

மிதித்தேன், மிதி கல் மாதிரி இருந்தது, இறங்கவேயில்லை என்று அவள் அன்றைக்குச் சொன்னாள்.

அந்த மாடல் கார்களைக் கம்பெனி ஏற்கெனவே திரும்ப அழைத்திருந்தது. பிரேக் மிதிக்குப் பலம் சேர்க்கிற பூஸ்டருக்கு ஒரு குழாய் போகிறது. அதில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு வால்வு. அது சிக்கிக்கொண்டால் மிதி கெட்டிப்பட்டுவிடும். கம்பெனி சொன்ன குறை அதுதான்.

ஆனால் அவள் காரில் அந்த வால்வை விபத்துக்கு முந்தின வாரமே மாற்றியாகிவிட்டது. கம்ப்யூட்டரில் அப்படித்தான் இருந்தது. 'உங்கள் வண்டியில் வேலை முடிந்தது' என்று அவள் போனுக்கே செய்தி வந்திருந்தது. கம்பெனியிலிருந்து வந்த ஆய்வாளர் மிதியைப் பலமுறை மிதித்துப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் பிடித்தது. பதற்றத்தில் கால் பக்கத்து மிதிக்குப் போய்விடுவது சகஜம் என்றும், அப்படி மிதித்தவர்கள் எல்லோரும் பிரேக்கைத்தான் மிதித்ததாக மனதார நம்புவார்கள் என்றும் மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

பிசியோ விஞ்ஞானம் படித்தவள். ஆதாரம் ஒன்றைச் சொல்லி, தன் ஞாபகம் வேறொன்றைச் சொன்னால், ஆதாரத்தோடு போகப் பழகியவள். அப்படியே போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் எந்தக் காரையும் ஓட்டவில்லை.

ஆஸ்பத்திரிக்கும் பஸ்ஸில்தான் போனார்கள்.

கட்டு வெட்டுகிறவர் இளைஞர். கையில் சின்ன ரம்பம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, இது தோலை வெட்டாது, நடுங்கும், அவ்வளவுதான் என்று விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். மாமியார் அவரை நிறுத்தி, ரம்பத்தை எந்தக் கோணத்தில் பிடித்தால் விளிம்பு பிசிறாமல் வரும் என்று தான் விளக்கம் சொன்னார். இளைஞர் அதன்படியே செய்தார். விளிம்பு பிசிறாமல்தான் வந்தது.

எப்படி முறிந்தது என்று அவர் பேச்சுவாக்கில் கேட்டார்.

"கார்ல போனோம். மருமக பிரேக்குன்னு நெனச்சு வேற எதையோ மிதிச்சுட்டா," என்றார் மாமியார். "போகட்டும். வேணும்னா பண்ணினா?"

குரலில் குத்தல் எதுவும் இல்லை. மன்னித்து, மறந்து, மடித்து வைத்த குரல். பிசியோவால் தாங்க முடியாதது அந்தக் குரல்தான். திட்டியிருந்தால் பதில் பேசியிருக்கலாம்.

அவள் அந்தக் கையை வாங்கினாள். வெளுத்து, மெலிந்து, யாரோ சின்னப் பெண்ணின் கைபோல இருந்தது. மேலே மடக்கினாள், கீழே மடக்கினாள், உள்ளங்கையை மெதுவாகத் திருப்பினாள். பாதி தூரம் வந்தது. வெந்நீரில் வைத்துப் பயிற்சி செய்தால் இரண்டு மாதத்தில் துணி வெட்டலாம் என்றாள். ஒரு மாதத்தில் வெட்டுவேன் என்றார் மாமியார்.

திரும்பும்போது பஸ்ஸில் இடம் கிடைத்தது. மாமியார் ஜன்னலோரம் உட்கார்ந்து, வெளியே பார்த்தபடி கேட்டார்.

"ஆபீஸுக்கு இன்னிக்குத்தானே பதில் சொல்லணும்?"

"ஆமா அத்தை. அஞ்சு மணிக்குள்ள."

வீடு வீடாகப் போகிற வேலையைக் கார் இல்லாமல் செய்ய முடியாது. லீவும் பஸ்ஸுமாக இத்தனை நாள் இழுத்தாகிவிட்டது. மேலாளர் நல்ல மனுஷி. இரண்டில் ஒன்றைச் சொல்லிவிடு என்று நேராகவே கேட்டிருந்தார். ஓட்டுவதாக இருந்தால் நாளை முதல் பழைய வேலை. இல்லையென்றால் ஆபீஸில் போன் மேஜை. மற்ற பிசியோக்கள் எந்த வீட்டுக்கு எப்போது போகவேண்டும் என்று நேரம் ஒதுக்கிக் கொடுக்கிற வேலை. அவளுடைய நோயாளிகளை மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். அவர்களில் பக்கவாதம் வந்த எலெக்ட்ரீஷியன் ஒருவர். மூடியே கிடந்த அவர் விரல்கள் விபத்துக்குச் சில நாள் முன்புதான் திறக்கத் தொடங்கியிருந்தன.

"போன் மேஜைன்னே சொல்லிடு," என்றார் மாமியார். "உனக்கும் நல்லது. ரோட்டுல போறவங்களுக்கும் நல்லது."

பிசியோ தலையாட்டினாள். அவளும் அந்த முடிவில்தான் இருந்தாள்.

*

அதே நேரம் ஒர்க்‌ஷாப்பில் அவள் கணவன், அன்றைக்கு வந்த உதிரிபாகப் பெட்டிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் அங்கே சர்வீஸ் அட்வைசர். வண்டியை வாங்கி, குறையைக் கேட்டு, வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுக்கிறவன். சின்ன வயதிலிருந்தே பேச்சு குறைவு. அதனால் அவன் அக்கா வைத்த பெயர் சைலன்சர். கார் ஒர்க்‌ஷாப்பில் வேலை கிடைத்த பிறகு அந்தப் பெயரை அழிக்க யாராலும் முடியவில்லை.

"வந்துருச்சு சார்," என்றார் மெக்கானிக். எப்போதும் வாயில் டார்ச் லைட்டைக் கவ்விக்கொண்டு பேசுவதால் அவருக்கு டார்ச் என்றே பெயர். அவர் நீட்டிய சின்னப் பெட்டியில் ஒரு சேஸிஸ் நம்பர் ஒட்டியிருந்தது. சைலன்சருக்கு அது மனப்பாடம். அது அவன் அக்காவுடைய காரின் நம்பர்.

அவன் அக்காவுக்கும் அதே மாடல் கார். அவள் மலைமேல் இருக்கிற குடிநீர் நிலையத்தில் தண்ணீரைச் சோதிக்கும் வேலை பார்க்கிறாள். தினமும் வளைந்து வளைந்து இறங்கும் மலைச்சாலை. திரும்ப அழைத்த கார்களுக்கு வால்வு வருவது தாமதமாகிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு வால்வும் ஒரு காரின் நம்பரைச் சுமந்துதான் வரும். அந்த நம்பருக்குத்தான் போடவேண்டும். அது கம்பெனியின் சட்டம்.

முதலில் வந்தது பிசியோவின் நம்பர்.

அன்றைக்கு இரண்டு கார்களும் ஒர்க்‌ஷாப்பில்தான் நின்றன. ஒன்று கழுவ வந்தது, ஒன்று ஆயில் மாற்ற வந்தது. சைலன்சர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். அக்கா மலை இறங்குகிறவள். மனைவி ஊருக்குள் ஓட்டுகிறவள். அடுத்த வாரமே இன்னொரு வால்வு வந்துவிடும் என்று சொல்லியிருந்தார்கள். அக்காவின் காரைக் காட்டி, அதற்குப் போடச் சொன்னான். நம்பர் வேறாச்சே சார் என்று டார்ச் தயங்கினார்.

"ரெண்டும் நம்ம வண்டிதான். அடுத்தது வந்ததும் இதுக்குப் போட்டுக்கலாம்," என்றான் அவன்.

வேலை முடிந்ததும் கம்ப்யூட்டரில் பிசியோவின் நம்பரைத்தான் அடிக்க முடிந்தது. அடித்தான். அந்த நொடியே அவள் போனுக்குச் செய்தி போனது. இரவு சாப்பிடும்போது, எனக்கு முதலில் வாங்கிப் போட்டுவிட்டீர்களே என்று அவள் சந்தோஷமாகச் சொன்னாள். அப்போதே உள்ளதைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அக்காவுக்குப் போட்டதுதான் சரி என்று அவளே சொல்லியிருப்பாள். அவள் அப்படிப்பட்டவள். அவன் தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டான். நாளை சொல்லலாம், புது வால்வைப் போட்டுவிட்டே சொல்லலாம் என்று தள்ளினான். அடுத்த வாரம் வால்வு வரவில்லை. விபத்து வந்தது.

அதற்குப் பிறகு சொல்வது வேறு விஷயமாகிவிட்டது. பாதுகாப்புப் பாகத்தை நம்பர் மாற்றிப் போட்டால் வேலை போகும். போட்ட டார்ச்சின் வேலையும் போகும். அதனால் விபத்தும் நடந்திருக்கிறது என்றால் வேலையோடு நிற்காது. ஆய்வாளர் பேசியபோது அவன் அவருக்குப் பின்னாலேயே நின்றிருந்தான்.

ஒருவேளை அவள் கால் நிஜமாகவே மாறியிருக்கலாம் என்று தனக்குத்தானே சொல்லி வந்தான். மிதியை அவனும் எத்தனையோ தடவை மிதித்துப் பார்த்தான். பிடித்தது. பழைய வால்வு நன்றாகவே இருந்திருக்கலாம். அந்த ஒரு 'லாம்' மேல்தான் நாற்பது நாளாகப் படுத்துத் தூங்கினான்.

பிசியோவின் கார் நசுங்கல் எடுத்து, பெயிண்ட் அடித்து, புது விளக்கு மாட்டி, அன்று வீட்டுக்குப் போகத் தயாராக நின்றது. டார்ச் பானெட்டைத் திறந்தார்.

"போட்டுடவா சார்?"

"போடுங்க."

சின்ன வேலைதான். டார்ச் பழைய வால்வைக் கழற்றி, துணியில் துடைத்து, ஒரு முனையை வாயில் வைத்து ஊதினார். காற்று போனது. மறுபடி ஊதினார். போனது. நாலாவது தடவை கன்னம் உப்பியது. காற்று போகவில்லை.

அவர் வால்வை நீட்டினார். சைலன்சர் வாங்கி ஊதினான். அடைத்துக்கொண்டு நின்றது. விரலால் ஒரு தட்டுத் தட்டியதும் உள்ளே 'டிக்' என்று ஏதோ விலகி, காற்று வழிவிட்டது. பிறகு ஊதிய போதெல்லாம் ஒழுங்காகப் போனது.

"மேடம் சொன்னது நிஜந்தான் சார்," என்றார் டார்ச். டார்ச் லைட் இப்போது அவர் வாயில் இல்லை.

சைலன்சர் வால்வைத் திருப்பிக் கொடுத்தான். டார்ச் அதில் அக்காவின் நம்பரைக் கட்டி, கம்பெனிக்குத் திரும்பிப் போகிற பெட்டியில் போட்டார். மதியம் லாரி வந்து பெட்டியை எடுத்துக்கொண்டு போயிற்று. கம்ப்யூட்டரில் அக்காவின் வண்டிக்கும் வேலை முடிந்ததாக அடிக்கவேண்டியதுதான் பாக்கி. இரண்டு கார், இரண்டு வால்வு, இரண்டு நம்பர். இனி யார் வந்து பார்த்தாலும் எல்லாம் நேராக இருக்கும்.

"இதோட முடிஞ்சுதுல்ல சார்?" என்று டார்ச் கேட்டார். அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருந்தார்கள்.

முடிந்தது என்றான் சைலன்சர். அதை அடிப்பதற்குள் வரிசையாக வண்டிகள் வந்துவிட்டன.

*

சாயங்காலம் அவன் காரை வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தியபோது, அக்காவின் கார் ஏற்கெனவே அங்கே நின்றிருந்தது. அம்மாவின் கையைப் பார்க்க வேலை முடிந்து நேராக வந்திருந்தாள். கூடத்தில் மாமியார் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் கையை விட்டு மடக்கி நீட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து பிசியோ எண்ணிக்கொண்டிருந்தாள்.

"வா சைலன்சர்," என்றாள் அக்கா. "உங்க கம்பெனிக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு, தெரியுமா?"

மதியம் அவளுக்குத் தலைமை ஆபீஸிலிருந்து போன் வந்ததாம். உங்கள் வண்டிக்கான வால்வு வந்துவிட்டது, மாற்றும்வரை மலைப்பாதையில் ஓட்டவேண்டாம், நாளைக்கே கொண்டுவாருங்கள் என்றார்களாம். என் தம்பி அங்கேதான் இருக்கிறான், அவனே எப்போதோ மாற்றிக் கொடுத்துவிட்டான் என்று இவள் சொல்லியிருக்கிறாள். அவர்கள் நம்பவில்லை. எங்கள் கம்ப்யூட்டரில் அப்படி இல்லை என்று சாதித்தார்களாம்.

பிசியோ எண்ணுவதை நிறுத்தினாள்.

"உங்களுக்கு எப்ப மாத்தினாங்க அண்ணி?"

"உனக்கு மாத்தின அன்னிக்குத்தான். நான் ஆயில் மாத்த விட்டிருந்தேனே."

"வேலை முடிஞ்சதுன்னு உங்க போனுக்கு மெசேஜ் வந்துச்சா?"

அக்கா யோசித்தாள். அப்படி எதுவும் வந்ததாக அவளுக்கு ஞாபகம் இல்லை. இரண்டு பேரும் சைலன்சரைப் பார்த்தார்கள்.

"கம்ப்யூட்டர் தப்பு," என்றான் அவன். "நாளைக்குப் பார்த்துச் சரி பண்ணிடறேன்."

அக்காவுக்கு அது போதுமாக இருந்தது. தம்பி இத்தனை நீளமாகப் பேசி எத்தனை நாளாயிற்று என்று கேலி செய்துவிட்டு, அம்மாவின் கையை எடுத்துப் பார்க்கத் தொடங்கினாள். பிசியோ மட்டும் கொஞ்ச நேரம் அவனையே பார்த்தாள். பிறகு அவளும் பார்வையை எடுத்துக்கொண்டாள். கம்ப்யூட்டர் சொன்னதை நம்பித்தான் அவள் தன்னையே சந்தேகித்தாள். அது தப்புச் செய்யும் என்று இப்போது சொல்கிறான். அந்த வழியில் யோசித்தால் எங்கே போய் முடியும் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆசைக்கு ஏற்ற மாதிரி யோசிக்கிறோம் என்று தன்னையே அடக்கிக்கொண்டாள்.

அவன் கார்ச் சாவியை அவள் பக்கமாக நகர்த்தினான்.

"ஒரு ரவுண்டு ஓட்டிப் பாரேன். இப்ப பிரேக் நல்லா இருக்கு."

"இப்பன்னா?"

"இல்ல, ரிப்பேர் எல்லாம் முடிஞ்சுதுன்னு சொன்னேன்."

"அவள ஏன்டா வற்புறுத்துற?" என்றார் மாமியார். "நாங்க பஸ்லயே பேசி முடிவு பண்ணியாச்சு. மணியாகுது, நீ போன் பண்ணும்மா."

பிசியோ போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றாள். மேலாளர் உடனே எடுத்துவிட்டார். முதலில் மாமியாரின் கை எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கவேண்டும். பாதி திரும்புகிறது என்று இவள் பதில் சொன்னாள். பிறகு, யோசித்துவிட்டேன், போன் மேஜைக்கே வந்துவிடுகிறேன் என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

அவளுடைய நோயாளிகளை யார் யாருக்குக் கொடுப்பது என்ற பேச்சு வந்தது. அவள் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வந்தாள். முழங்கால் மாற்றிக்கொண்ட டீச்சருக்கு வலியைவிட மாடிப்படி மேல்தான் பயம், அதனால் படியிலேயே நிறுத்தி வைத்துப் பேசவேண்டும். தோள் இறுகிப்போன பேக்கரிக்காரருக்குக் காலையில் நேரம் கொடுக்கக்கூடாது. எலெக்ட்ரீஷியனுக்குக் கட்டைவிரலில் ஆரம்பிக்கவேண்டும். மற்ற விரல்களை அவசரப்பட்டுப் பிரித்தால் பழையபடி மூடிக்கொள்வார்.

அதைச் சொல்லும்போது ஒரு நிமிஷம் நிறுத்தினாள். எதிர்ப்பக்கம் மேலாளர் ஏதோ கேட்டார்.

"இல்ல மேடம், கார் ஓட்டப் பயமெல்லாம் இல்ல," என்றாள் பிசியோ. "என் கால நானே நம்பல. அவ்வளவுதான்."

சைலன்சர் நாற்காலியிலிருந்து எழுந்தான். மாமியாரின் கை வெந்நீருக்குள் அப்படியே நின்றது.

"போன வை," என்றான் அவன்.

பிசியோ போனைக் காதிலிருந்து எடுக்காமல் திரும்பிப் பார்த்தாள். ஒரு நிமிஷம் என்று விரலைக் காட்டினாள்.

"உன் வண்டில வால்வ மாத்தவே இல்ல. உனக்கு வந்தத அக்கா வண்டிக்குப் போட்டேன். உன்கிட்ட பழசுதான் இருந்துச்சு, இன்னிக்குக் காலைல வரைக்கும். கழட்டி ஊதிப் பார்த்தோம், சிக்குது."

போனுக்குள் மேலாளரின் குரல் அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

"நீ மிதிச்சது பிரேக்தான்," என்றான்.